கம்யூனிட்டி காலேஜில் எலிமென்டரி அல்ஜீப்ரா நடத்துவது எப்படி

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டாண்டுக் கல்லூரிகளில்) எலிமென்டரி அல்ஜீப்ரா என்று இருப்பது, நம் ஊர்க் கணக்கில் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான இயற்கணிதம்தான். எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பகுதிநேர ஆசிரியராக, அதாவது அட்ஜங்க்டாக, முதல் முறை இந்த வகுப்பை ஏற்பவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்து “இதில் என்ன இருக்கிறது?” என்று நினைப்பது வழக்கம். பாடம் எளிதுதான், வகுப்பு அப்படியில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் இதை முதல் தடவை படிப்பவர்கள் அல்லர். பள்ளியில் ஒருமுறை, சிலர் கல்லூரியிலேயே இன்னொருமுறை பார்த்தவர்கள். அவர்கள் தலை காலியாக இல்லை. பாதி சரியான விதிகளால் நிரம்பியிருக்கிறது. அந்தப் பாதி விதிகள் எவை என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் உடைத்துத் திரும்பக் கட்டுவதுதான் இந்த வேலை. புதிதாகக் கற்பிப்பதாக நினைத்து நடத்தினால், ஆறாவது வாரம் பாதி வகுப்பு காணாமல் போயிருக்கும்.

எழுத்துகளைப் பற்றி ஒன்று: கரும்பலகையில் எக்ஸ், ஒய் என்று வருவதை இங்கே க, ச என்று எழுதியிருக்கிறோம்.

முதல் வகுப்புக்கு முன்

துறையின் ஒருங்கிணைப்பாளரிடம் ஐந்து விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: துறை அங்கீகரித்த பாடத்திட்டம், போன பருவத்தின் இறுதித் தேர்வுத்தாள், கால்குலேட்டர் விதி, அடுத்த பாடத்துக்குப் போகத் தேவையான தேர்ச்சி அளவு (பெரும்பாலும் ‘சி’ கிரேடு), இறுதித் தேர்வு எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானதா என்ற தகவல். பொதுத் தேர்வு என்றால் பாட வேகம் உங்கள் கையில் இல்லை, தேர்வுத்தாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

இது தனிப் பாடமா, துணைப் பாடமா என்பதையும் கேளுங்கள். டென்னசி 2015 முதலும், கலிஃபோர்னியா 2017-இல் கையெழுத்தான ஏபி 705 சட்டத்துக்கும் 2022-இன் ஏபி 1705-க்கும் பிறகும், மாணவர்களைத் தயாரிப்பு வகுப்புகளில் வரிசையாக நிறுத்தி வைப்பதைப் பெருமளவு விட்டுவிட்டன. அவர்கள் நேரே கல்லூரி நிலைக் கணக்கிலோ புள்ளியியலிலோ சேர்கிறார்கள். எலிமென்டரி அல்ஜீப்ரா அதே பருவத்தில் ஒட்டிக்கொண்டு வரும் துணை வகுப்பாகிறது. துணை வகுப்பில் பாட வரிசையை முதன்மைப் பாடம்தான் தீர்மானிக்கும். அங்கே வியாழக்கிழமை காரணிப்படுத்தல் தேவையென்றால், இங்கே செவ்வாயன்றே நடந்திருக்க வேண்டும். கீழே உள்ளவை தனிப் பாடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தவறுகளும் மருந்துகளும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பாடப்புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், ஓபன்ஸ்டாக்ஸின் இலவசப் புத்தகத்தையும் மைஓபன்மேத் என்ற இலவச வீட்டுப்பாடத் தளத்தையும் எடுங்கள். புத்தகமும் வீட்டுப்பாடத் தளத்துக்கான நுழைவுக் குறியீடும் வாங்கப் பணம் புரட்டும் வரை வீட்டுப்பாடம் செய்யாமல் இரண்டு வாரம் பின்தங்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். இலவசம் என்றால் அந்த இரண்டு வாரம் மிச்சம்.

உங்கள் நாக்கில் இருக்கும் கண்ணிகள்

தமிழ்நாட்டில் படித்து அங்கே பாடம் நடத்துபவர்களுக்கு இந்தப் பகுதி தனியாக வேண்டும். கணக்கு உலகப் பொதுமொழி என்பதெல்லாம் எழுதும்போதுதான். வாயைத் திறந்தால் இல்லை.

நாம் “3 இன்டு 4” என்றால் பன்னிரண்டு. அமெரிக்க மாணவருக்கு “3 இன்டு 12” என்றால் பன்னிரண்டுக்குள் மூன்று எத்தனை முறை போகும் என்று பொருள்: விடை நான்கு. நீங்கள் பெருக்கச் சொல்வதை அவர் வகுக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்வார், குழப்பம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. “டைம்ஸ்” என்று சொல்லிப் பழகுங்கள். பின்னத்தை “3 பை 4” என்பதும் ஆபத்து. அங்கே அது மூன்றடிக்கு நான்கடி என்ற அளவு. “3 ஓவர் 4” என்பதே வழக்கு. பிராக்கெட் என்றால் சதுர அடைப்புக்குறி மட்டும். வளைந்ததற்குப் பெயர் பேரன்தெசிஸ். எச்சிஎஃப் அங்கே ஜிசிஎஃப், பின்னங்களின் பகுதிக்கு எடுக்கும் எல்சிஎம் அங்கே எல்சிடி, சர்ட்ஸ் அங்கே ரேடிகல்ஸ், இசட் அங்கே ஸீ. நேர்கோட்டின் சமன்பாட்டில் நாம் கடைசியில் ‘சி’ போடும் இடத்தில் ‘பி’ வரும். மார்க் அல்ல, பாயின்ட். “டவுட் இருக்கா?” என்று கேட்டால் உங்களை நம்பவில்லையா என்று கேட்பதாகத் தொனிக்கும், “கொஸ்சன்ஸ்?” போதும். அழிப்பானை ரப்பர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கே அது ஆணுறை.

மைனஸ் விஷயம் இவற்றைவிடக் கனமானது. எண்ணின் குறியை “நெகடிவ் 3” என்றும், கழித்தல் செயலை “மைனஸ் 3” என்றும் பிரித்துச் சொல்லுங்கள். டிஐ-30, டிஐ-84 கால்குலேட்டர்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது. வார்த்தையில் பிரித்துக் கேட்டவருக்குத்தான் பொத்தானிலும் பிரித்து அழுத்த வரும்.

எல்லாவற்றிலும் பெரிய கண்ணி, நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்”. அங்கேயும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. 3க = 12 என்ற கணக்கில் மூன்றை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குறியை மாற்றி, க = 12 − 3 என்றோ, க = 12 ÷ (−3) என்றோ எழுதும் மாணவர் இந்த விதிக்குக் கீழ்ப்படிந்துதான் தவறு செய்கிறார். எதுவும் எங்கேயும் போவதில்லை, இரண்டு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்கிறோம். முதல் நான்கு வாரம் அந்த வரியைச் சமன்பாட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் எழுதியே தீருங்கள், உங்களுக்கு எவ்வளவு சலிப்பாக இருந்தாலும்.

முதல் நாள்: பத்துக் கணக்கு, இருபது நிமிடம்

சிலபஸ் வாசித்து அனுப்பிவிடாதீர்கள். கால்குலேட்டர் இல்லாமல், பெயர் எழுதி, பாயின்ட் இல்லாமல் ஒரு கண்டறியும் தாள் கொடுங்கள். சரியா தவறா என்பதைவிட எந்தத் தவறு என்பதுதான் பார்க்க வேண்டியது. பயனுள்ள கணக்குகள் இவை:

−4 − (−9). சரியான விடை 5. −13 என்று வந்தால் இரட்டைக் குறியை அவர் பார்க்கவே இல்லை. 13 என்றால் “இரண்டு மைனஸ் ஒரு பிளஸ்” என்ற பாட்டை எல்லா மைனஸுக்கும் பாடியிருக்கிறார்.

−3². சரி −9. வகுப்பில் பெரும்பகுதி 9 என்று எழுதினால் வியக்க வேண்டாம். அடுக்கு மூன்றுக்குச் சொந்தம், குறிக்கு அல்ல. (−3)² என்பதைப் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

12 ÷ 2 × 3. சரி 18. 2 என்று வந்தால், எந்தச் செயலை முதலில் செய்வது என்பதற்கான பெம்டாஸ் என்ற அந்த ஊர் போட்மாஸ் வேலை செய்திருக்கிறது: ‘எம்’ முன்னால் இருப்பதால் பெருக்கல் முதலில் என்று நினைத்திருக்கிறார். 10 − 4 + 3-க்கு 3 என்பதும் அதே நோய். பெருக்கலும் வகுத்தலும் ஒரே படி, இடமிருந்து வலம். கூட்டலும் கழித்தலும் அப்படியே.

2/3 + 1/4. சரி 11/12. 3/7 என்பது மேலே மேலே, கீழே கீழே.

0.4, 0.35 இவற்றில் எது பெரியது? 0.35 என்றால் தசமப்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறார்.

5 − 2(க − 3). சரி 11 − 2க. இந்த ஒரு கணக்கு தாளின் பாதி மதிப்பு பெறும். −1 − 2க என்றால் பங்கீட்டில் குறி தவறியது. 3க − 9 என்றால் ஐந்திலிருந்து இரண்டை முதலில் கழித்துவிட்டார்.

3க + 4. இதற்கு மேல் சுருக்க முடியாது. 7க என்று எழுதுபவருக்கு ‘விடை’ என்றால் ஒற்றை உறுப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

இவற்றோடு 4க − 7 = 13, 80-இல் 15 சதவீதம், 3/4 ÷ 1/2 ஆகிய மூன்றைச் சேர்த்தால் பத்தாகிவிடும். அன்றிரவே தவறுகளை வகை வாரியாக எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதினைந்து வாரம் எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓடலாம் என்பதை அந்தப் பட்டியல் சொல்லும்.

பதினாறு வாரத்தை எப்படிப் பிரிப்பது

பின்னம், குறியெண் மறுபார்வைக்கு நான்கு வாரம் ஒதுக்குவது புதியவர்கள் செய்யும் முதல் திட்டப் பிழை. அந்த நான்கு வாரம் கடைசியில் இருபடிச் சமன்பாட்டிலிருந்துதான் கழியும். இரண்டு வாரம் போதும். மீதியைத் தேவைப்படும் இடத்தில் பத்து நிமிடம் திரும்பத் தொடுங்கள். பின்னக் கூட்டல், பின்னம் உள்ள சமன்பாடு வரும்போது ஒருமுறை, பதின்மூன்றாம் வாரம் விகிதமுறு கோவைகள் வரும்போது மறுபடியும் என.

மூன்றும் நான்கும் ஒருபடிச் சமன்பாடு, அசமன்பாடு. ஐந்து வாக்கியக் கணக்கு. ஆறு, ஏழு வரைபடம், சாய்வு. எட்டு இரண்டு மாறிச் சமன்பாடுகள். ஒன்பது அடுக்குகள், பத்து பல்லுறுப்புக் கோவைகள், பதினொன்றும் பன்னிரண்டும் காரணிப்படுத்தல். பிறகு விகிதமுறு கோவை, வர்க்கமூலம், இருபடி என்று வாரத்துக்கு ஒன்று. பதினாறு மீள்பார்வையும் தேர்வும். காரணிப்படுத்தலுக்கு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், அதற்கு மேல் முடியாது.

முதல் தேர்வு நான்காவது வார முடிவுக்குள் நடந்து, தாள் திரும்பிப் போயிருக்க வேண்டும். பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதிக்கு முன்னால் தன் நிலை என்ன என்பது மாணவருக்குத் தெரிய வேண்டும். கைவிட நினைப்பவரை முதலில் நிதியுதவி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒரு பாடத்தை விட்டால் உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட நேரலாம், அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர்.

வாரம் இரண்டு நாள், 110 நிமிட வகுப்பு என்றால் பத்து நிமிடம் தொடக்கக் கணக்கு (போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று), பதினைந்து நிமிடம் வீட்டுப்பாடக் கேள்விகள், இருபத்தைந்து நிமிடம் புதிய பாடம், பத்து நிமிடம் இடைவேளை, முப்பத்தைந்து நிமிடம் மாணவர்கள் இருவர் இருவராகக் கரும்பலகையில், கடைசிப் பதினைந்து நிமிடம் ஒரு சீட்டில் ஒரு கணக்கு எழுதித் தந்துவிட்டுப் போவது. புதிய பாடம் அரைமணி தாண்டினால் இரவு வேலைக்குப் போய்வந்தவர் தூங்குவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எழுந்து நின்று பலகையில் எழுதும்போது தவறு பத்தடி தூரத்திலிருந்தே உங்கள் கண்ணில் படும். நோட்டுக்குள் இருந்தால் தேர்வு வரை தெரியாது.

எங்கே இடறுவார்கள்

தவறைத் திருத்த விதியை மறுபடி சொல்வது வேலைக்காகாது. விதி ஏற்கெனவே கேட்டதுதான். ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். (க + 3)² என்பதை க² + 9 என்று எழுதினால், க-வுக்கு 2 போடட்டும்: ஒருபக்கம் 25, மறுபக்கம் 13. பிறகு பக்கம் க + 3 உள்ள சதுரத்தை வரைந்து, விட்டுப்போன இரண்டு 3க செவ்வகங்களைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். (க + 6)/6-இல் ஆறுகளை அடித்துவிட்டு க என்று எழுதுபவருக்கு, க = 12: 18/6 என்பது 3, பன்னிரண்டு அல்ல. √(9 + 16) என்பது 5, ஏழு அல்ல. இந்த ‘எண் போட்டுப் பார்’ பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டால், நீங்கள் பக்கத்தில் இல்லாத தேர்வு நேரத்திலும் அது காப்பாற்றும்.

அசமன்பாட்டில் −2க < 8 என்றால் க > −4. குறி ஏன் திரும்புகிறது? 3 < 5. இரண்டையும் −1-ஆல் பெருக்கினால் −3 > −5. எண்கோட்டில் இடம் மாறுவதைக் காட்டாமல் “திருப்பு” என்று மட்டும் சொன்னால், 2க < −8-க்கும் திருப்புவார்கள், எங்கோ ஒரு மைனஸ் கண்ணில் பட்டது என்பதற்காக.

வாக்கியக் கணக்குக்கு நாணயக் கணக்கு நல்ல தொடக்கம். குவார்ட்டரும் டைமும் சேர்த்து 15 நாணயம், மொத்தம் 2 டாலர் 70 சென்ட். முதலில் குவார்ட்டர் 25 சென்ட், டைம் 10 சென்ட் என்று பலகையில் எழுதுங்கள். வகுப்பில் போன வருடம் அந்த நாட்டுக்கு வந்தவர்களும் இருப்பார்கள். அடுத்து மூன்று பத்தி அட்டவணை: எத்தனை நாணயம், ஒன்றின் மதிப்பு, மொத்த மதிப்பு. குவார்ட்டர் க என்றால் டைம் 15 − க. மாணவர்கள் சிக்குவது இங்கேதான், இரண்டாவதற்கும் புது எழுத்து வைத்துவிட்டு நிற்பார்கள். “குவார்ட்டர் 4 என்றால் டைம் எத்தனை? 9 என்றால்?” என்று எண்ணால் கேட்டால், கழித்தல் தானாக வரும். 25க + 10(15 − க) = 270; 15க = 120; குவார்ட்டர் 8, டைம் 7. எண்ணிக்கையையும் மதிப்பையும் கலந்து க + 15 − க = 270 என்று எழுதுபவர்களுக்கு அட்டவணையின் தலைப்பை வாசிக்கச் சொன்னாலே போதும்.

“பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள்” என்ற வாக்கியத்தைக் கணக்காக்கச் சொன்னால், ஆறை மாணவர் பக்கம் வைப்பவர்கள் ஏராளம். கணிதக் கல்வி ஆய்வுகளில் பழைய, பேர்போன பிழை இது, பொறியியல் மாணவர்களே செய்வது. வார்த்தை வரிசையை அப்படியே சமன்பாடாக்குவதால் வருகிறது. பத்துப் பேராசிரியர் இருந்தால் அறுபது மாணவர். எதை ஆறால் பெருக்கினால் எது கிடைக்கும் என்று கேளுங்கள். “ஐந்து லெஸ் தேன் எ நம்பர்” என்பதை 5 − க என்று எழுதுவதும் இதே குடும்பம்.

சாய்வில் சொல்லுக்குக் கவனம். “நோ ஸ்லோப்” என்று சொல்லவே சொல்லாதீர்கள். கிடைக்கோட்டுக்குச் சாய்வு பூச்சியம், செங்குத்துக்கோட்டுக்கு வரையறுக்கப்படவில்லை. “இல்லை” என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தி மாணவரைக் கெடுக்கும். இரண்டு மாறிச் சமன்பாடுகளில் எல்லாம் அடிபட்டு 0 = 5 என்று வந்தால் க = 0 என்று எழுதுவார்கள். இரண்டு இணைகோடுகளை வரைந்து, எங்கே வெட்டுகின்றன என்று கேளுங்கள்.

காரணிப்படுத்தலில் அவர்கள் தோற்பது இயற்கணிதத்தால் அல்ல, வாய்ப்பாட்டால். ஒன்பதாவது வாரத்திலிருந்தே வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் 36, 48, 60, 72, 120 இவற்றின் காரணி ஜோடிகளை எழுதச் சொல்லுங்கள். நாம் ‘நடு உறுப்பைப் பிரித்தல்’ என்பதற்கு அங்கே ‘ஏசி முறை’ என்று பெயர். 6க² + 7க − 20: பெருக்கினால் −120, கூட்டினால் 7 வரும் ஜோடி 15, −8. ஆகவே 6க² + 15க − 8க − 20. முதல் ஜோடியிலிருந்து 3க(2க + 5). இரண்டாவதில் −4-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே பிளஸ் வர வேண்டும், மாணவர் −4(2க − 5) என்று எழுதிவிட்டு, அடைப்புகள் பொருந்தவில்லையே என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அடைப்பு பொருந்தாவிட்டால் கடைசியாக வெளியே எடுத்த குறியைப் பார் என்று சொல்லி வையுங்கள். விடை (3க − 4)(2க + 5), பெருக்கிச் சரிபார்த்தால்தான் முழுப் பாயின்ட்.

இருபடியில் (க − 2)(க − 3) = 6 என்று ஒரு கணக்காவது கொடுங்கள். க − 2 = 6, க − 3 = 6 என்று பிரித்து 8, 9 என்று எழுதுவார்கள். பெருக்குத்தொகை பூச்சியமாக இருந்தால்தான் ஒன்றாவது பூச்சியம் என்று சொல்ல முடியும். ஆறுக்கு அந்தக் குணம் கிடையாது. விரித்தால் க² − 5க = 0, விடை 0, 5. இங்கேயும் க-ஆல் இருபுறமும் வகுத்து 0-ஐத் தொலைப்பவர்கள் உண்டு.

மதிப்பீடும் காகித வேலையும்

வகுப்புத் தேர்வுகள் நான்கு சேர்த்து 50 சதவீதம், இறுதித் தேர்வு 25, வீட்டுப்பாடம் 15, சிறு தேர்வுகள் 10. துறை விதி வேறாக இல்லையென்றால் இது ஓடும். இணைய வீட்டுப்பாடத்துக்கு 15-க்கு மேல் போகாதீர்கள். ஃபோட்டோமேத் போன்ற செயலியின் முன் கைப்பேசியைக் காட்டினால் படிப்படியாக விடை வந்துவிடுகிறது. வீட்டுப்பாடத்தில் 98, தேர்வில் 40 என்று ஒரு மாணவர் இருந்தால் கடிந்துகொள்ளாமல், அலுவல் நேரத்தில் அழைத்து ஒரு கணக்கைப் பலகையில் போடச் சொல்லுங்கள். கெடு வாரம் ஒருமுறை ஞாயிறு இரவு என்று வைத்தால் எல்லாம் ஞாயிறு இரவு பத்து மணிக்குத்தான் நடக்கும், வாரம் இரண்டு கெடு வையுங்கள்.

திருத்தும்போது ஐந்து பாயின்ட் கணக்கில் சமன்பாடு அமைப்புக்கு 2, படிகளுக்கு 2, விடையும் சரிபார்ப்பும் 1. குறிப் பிழைக்கு ஒரு பாயின்ட், அந்தக் கணக்கில் ஒரே ஒருமுறை. முதல் வரியில் தவறிய குறி கடைசி வரை தொடர்ந்தாலும் மறுபடி வெட்ட வேண்டாம்.

தேர்வுத்தாள்களை மேசையில் அடுக்கி “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விடக்கூடாது. 1974-ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா என்ற மாணவர் தகவல் தனியுரிமைச் சட்டப்படி ஒருவர் கிரேடு இன்னொருவர் கண்ணில் படக்கூடாது. பெற்றோர் அழைத்து மகன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. மாணவருக்குப் பதினேழு வயதானாலும், கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்த உரிமை அவருடையது. நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது முகத்தில் அடிப்பதுபோல இருக்கும். பணிவாக மாணவர் அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தின் கடிதத்தோடு ஒருவர் வந்தால், அதில் உள்ளதை அப்படியே செய்யுங்கள். ஒன்றரை மடங்கு நேரம் என்றால் 60 நிமிடத் தேர்வு 90 நிமிடம். என்ன குறைபாடு என்று கேட்கக்கூடாது. தேர்வு மையத்தில் எழுத வேண்டியிருந்தால் தாளை முன்கூட்டியே அனுப்பி, கால்குலேட்டர் உண்டா இல்லையா என்பதை உறையின் மேலேயே எழுதுங்கள். அது எழுதாமல் விட்டதால்தான் தேர்வு நடுவே உங்கள் கைப்பேசி அடிக்கும்.